பதிமூன்று மீட்டர் பாட்டு

லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர் ஒரு மரக்கட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். பெல்ஜியத்தில் ஹாசல்ட் என்ற ஊரில் ஃபிலிப்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை, 1960களின் தொடக்கம். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவில் நாடாவைக் கையால் கோத்து மாட்டவும் வேண்டும். பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று செய்யவேண்டும் என்று ஓட்டன்ஸுக்கு ஒரே பிடிவாதம். எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குக் கட்டையைச் செதுக்கி, பையில் போட்டுப் பார்த்து, மறுபடி செதுக்கினார். அந்தக் கட்டை இப்போது இல்லை. ஒருநாள் வழியில் கார் டயர் பஞ்சராகி, ஜாக்கிக்கு முட்டுக்கொடுக்க அதையே வைத்தார், அதோடு போயிற்று என்று கதை.

கேசட் 1963 ஆகஸ்டு மாதம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியே வந்தது. அப்புறம் ஜப்பான்காரர்களின் நெருக்கடியில், உரிமத் தொகை கேட்காமலே யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஃபிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. அளவு மட்டும் மாறக்கூடாது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகம் முழுக்க இதுதான் கணக்கு. நாலரை நிமிடப் பாட்டு ஒன்றை நாடாவாக நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 13 மீட்டர் வரும். இதை நான் பெருக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து, ஒரு சோளக்காட்டின் வரப்பில் நின்றபோது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கேசட் 1988-ல் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் பிறந்தது. டிடிகே, 90 நிமிடம். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன், மூன்று மாதம் டீக்காசு சேர்த்து வாங்கினேன். வெறும் கேசட்டைத் தனியாகக் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் சென்டர் நடத்திய அண்ணாச்சி முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார். நாலு மூலையிலும் நடுவிலும் திருகாணி இருக்கிறதா என்று. "ஒட்டுன கேசட்ட வாங்கிட்டு வராத தம்பி. ஒட்டுனதுல ஒண்ணு ஆச்சுன்னா ஒடச்சுத்தான் பாக்கணும். இத தொறந்து பாத்துக்கிடலாம்" என்பார். அவருக்குத் தரம் என்பது அவ்வளவுதான்.

எட்டடிக்கு எட்டடிக் கடை. மூன்று சுவரிலும் எல்பி ரிக்கார்டு அட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து. ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு டெக், பச்சையும் சிவப்புமாக விளக்கு துள்ளுகிற ஈக்குவலைசர். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தி, அதன் புகை ரிக்கார்டில் படியக்கூடாது என்று நடுவில் ஒரு காலண்டர் அட்டை. புதுப்படத்து ரிக்கார்டு ஒன்று வாங்கினால் அதிலிருந்து ஊருக்கே பதிந்து கொடுத்துவிடுவார். 1984-லேயே பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்தார்கள். அண்ணாச்சி கடைக்கு அந்தச் செய்தி வந்த மாதிரி தெரியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், எட்டயபுரம் லைனில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர்கள், கல்யாண வீட்டு மைக் செட்காரர், என்னை மாதிரிப் பையன்கள் என்று எல்லோரும் அவருக்கு வாடிக்கை.

கோடு போட்ட தாளில் லிஸ்ட் எழுதிக் கொடுக்கவேண்டும். படத்தின் பெயர், பாட்டு, யார் பாடியது. என் லிஸ்டில் 18 பாட்டு. 'மௌன ராகம்' இருந்தது, அந்த வருடம் வந்த 'அக்னி நட்சத்திரம்' இருந்தது. அந்த லிஸ்டை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எதற்குப் பிறகு எது வரவேண்டும், சோகப் பாட்டுக்கு அப்புறம் உடனே குத்துப்பாட்டு வரலாமா என்றெல்லாம் யோசித்து, அடித்து, திரும்ப எழுதி. அண்ணாச்சி தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரிசையை மாற்றிவிட்டார். பக்கத்துக்கு 45 நிமிடம். பாட்டு பாதியில் அறுந்து பக்கம் தீரக்கூடாது. ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் என்பது அவர் நோட்டில் இருந்தது. நீளப் பாட்டை இங்கே போட்டு, குட்டையை அங்கே தள்ளி, கூட்டிக் கழித்து, என் ஒரு வாரத்து யோசனையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கடைசியில், "பி பக்கம் ரெண்டு நிமிசம் சும்மா கெடக்கு. வெறுமனே விட்டா இரைச்சல்தான் கேக்கும். நான் ஏதாச்சும் போட்டு விடுறேன்" என்றார்.

நாலு நாள் கழித்துப் போனபோது கேசட் தயார். அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் படப்பெயர், நீலத்தில் பாட்டு, கீழே கடையின் ரப்பர் ஸ்டாம்பு. 18 வரி. பத்தொன்பதாவதாக அவர் போட்டதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லை ஸ்க்ரூடிரைவரால் தெறிக்க விட்டு, "இனி யாரும் அழிக்க முடியாது" என்று கொடுத்தார். அது முழுப்பொய். அந்த ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும்.

கேசட்டுக்கு முன் பாட்டு இசைத்தட்டில் இருந்தது. தட்டு எங்கள் வீட்டுச் சாமான் கிடையாது. மைக் செட்காரருடையது, வசதியான வீட்டுடையது. ஆடி மாதம் அம்மன் பாட்டு, கொடைக்கு முதல் நாள் இரவு 'திருவிளையாடல்' கதை வசனம், எல்லாம் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊருக்குப் பொதுவாக வரும். எப்போது வரும் என்பது மைக் செட்காரர் கையில். கேசட் வந்துதான் பாட்டு ஆளுக்கு ஆள் சொந்தமாயிற்று. கூடவே, நாமும் அதில் பேசலாம் என்றாயிற்று. எங்கள் தெருக்காரர் ஒருவர் சவூதியில் இருந்தார். ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் கொடுத்து விடுவார், கடிதத்துக்குப் பதிலாக. திண்ணையில் டூ இன் ஒன்னை வைத்து வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். ஆத்தாவுக்கு இன்னது, தம்பிக்கு இன்னது என்று பேர் பேராக விசாரிப்பார். இங்கே இருப்பவர்கள் பெட்டியைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். ஏ பக்கம் தீர்ந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பி பக்கத்தை அவர் மனைவி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்.

கேசட்டைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அது ஒரு தொல்லை பிடித்த சாமான். மின்சாரம் இறங்கினால் எஸ்.பி.பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் ஜானகி ஆம்பளைக் குரலில் பாடுவார். நாடா ரோலரில் சுற்றிக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தெடுக்க வேண்டும். எடுத்ததை ஆறுபட்டைப் பென்சிலைச் சக்கர ஓட்டையில் விட்டுச் சுற்றவேண்டும். கசங்கிய இடம் வரும்போதெல்லாம் பாட்டு ஒரு முறை விக்கும். நாளடைவில் அந்த விக்கல் பாட்டோடு சேர்ந்துவிடும். என் கேசட்டில் நாலாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில் அப்படி ஒன்று உண்டு. இன்றைக்கும் அதே பாட்டை வேறு எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் காது ஒரு விக்கலை எதிர்பார்க்கிறது. மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட் கிடைக்காவிட்டால் அப்பாவின் ஷேவிங் லோஷன்.

ஓட்டன்ஸே கேசட்டுக்காகக் கண்ணீர் விட்டவர் அல்ல. பின்னால் ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து செய்த சிடியிலும் அவர் பங்கு உண்டு. சிடியின் ஒலிக்கு முன்னால் கேசட் நிற்காது என்றே கடைசி வரை சொன்னார். 2021-ல் 94 வயதில் இறந்தார்.

சிடி எங்கள் பக்கம் நிலைத்து உட்காரவே இல்லை. கம்பெனி சிடி விலைக்கு மாதச் சம்பளக்காரரே யோசித்தார். அதற்குள் எம்பி3 வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு எம்பி என்று சுருக்கினால் 700 எம்பி தட்டில் 150 பாட்டுக்கு மேல் அடங்கும். 'இளையராஜா 150', 'சோகப் பாடல்கள் 150' என்று பிளாட்பாரத்தில் குவித்து விற்றார்கள். அடுத்து மெமரி கார்டு. செல்போன் ரீசார்ஜ் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர், "பழசா புதுசா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நூற்றுக்கணக்கில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். லிஸ்ட் எழுதுகிற வேலை அத்தோடு நின்றது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை அமெரிக்காவில் 2003-ல் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று திறந்தது. இந்தியாவுக்கு வந்தபோது 2012 டிசம்பர். காசு கொடுத்து டவுன்லோடு செய்கிற பழக்கம் இங்கே வேர்பிடிக்கவே நேரமில்லை. 2016-ல் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக்கியதும், எதற்கு இறக்கி வைக்கவேண்டும் என்றாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஆடியோ வெளியீட்டு விழா. கேசட் இருந்தபோது வெளியிட ஒரு கேசட் இருந்தது. ஒருவர் வெளியிட, முதல் பிரதியை இன்னொருவர் பெற்றுக்கொள்வார். சிடி விற்பது நின்ற பிறகும் வண்டிச்சக்கரம் அளவுக்குத் தெர்மோகோல் சிடி செய்து ரிப்பன் கட்டி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கையில் பிடிக்க ஒன்றுமில்லாத பொருளுக்கு முதல் பிரதி எங்கிருந்து வரும்? ஆனாலும் விழா நடக்கிறது.

சோளக்காடு. 2009 என்று நினைவு. ஊருக்குத் தெற்கே, கதிர் பால் பிடித்திருந்த சமயம். காட்டின் நாலு பக்கமும் கம்பு ஊன்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பாக ஏதோ கட்டியிருந்தது. வெயிலில் மின்னியது. கிட்டே போனால் 'ங்ஞீ...' என்று ஒரு ஓசை. கேசட் நாடா. காற்று அடிக்கும்போது விறைத்துத் துடித்துச் சத்தம் போடும். கிளியும் குருவியும் அண்டாது. "கெட்டுப்போன கேசட்டு பஸ் ஸ்டாண்டுக் கடையில சாக்கு சாக்கா கெடந்துச்சு, அள்ளிட்டு வந்தேன்" என்றார் காட்டுக்காரர். அண்ணாச்சி கடையை அதற்கு முந்தைய வருடமே எடுத்துவிட்டார்கள். ஒரு கம்புக்கும் அடுத்த கம்புக்கும் இடையில் சுமார் ஆறு மீட்டர். இரண்டு கம்பு தாண்டினால் ஒரு பாட்டு. அப்போதுதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை என்பது பேப்பர் படித்துத் தெரிந்தது.

டவுன்லோடு வந்து தட்டையும் கேசட்டையும் ஒழித்துவிட்டது என்று சொன்னார்கள் அல்லவா? அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் போட்ட 2021-ஆம் வருடக் கணக்கில் வினைல் தட்டுகளின் வரவு 100 கோடி டாலர். டவுன்லோடு 60 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. கொன்றதாகச் சொல்லப்பட்டது தானே படுத்துவிட்டது. அடுத்த வருடம் எண்ணிக்கையிலும் வினைல் சிடியை முந்தியது: 4 கோடியே 10 லட்சம் தட்டு, 3 கோடியே 30 லட்சம் சிடி. இவற்றை வாங்குகிற எல்லோரும் கேட்பதற்காக வாங்குவதாக நான் நம்பவில்லை. கொரியப் பாட்டுக்காரர்களின் சிடியை வாங்கி, உள்ளே இருக்கும் போட்டோ அட்டையை எடுத்துக்கொண்டு, தட்டைத் தொடாமலே வைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளேயரே வீட்டில் இருக்காது. எப்படியோ, தட்டு அச்சாகிறது.

எங்கே அச்சாகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. செக் நாட்டில் பிராக் நகருக்குப் பக்கத்தில் லொடெனிட்சே என்ற சிற்றூரில் 1951 முதல் ரிக்கார்டு அடிக்கிற ஆலை. சிடி வந்து உலகமே பழைய பிரஸ்களை இரும்பு விலைக்குப் போட்டபோது, இவர்கள் எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டார்கள். இன்று உலகிலேயே பெரிய ரிக்கார்டு ஆலை அதுதான். கேசட்டுக்கும் அப்படி ஓர் இடம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு. மற்றவர்கள் தூக்கிப்போட்ட எந்திரங்களை வாங்கி வாங்கிச் சேர்த்தவர்கள். நாடா கிடைப்பது அருகியபோது, கிரெடிட் கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புப் பட்டையைச் செய்துகொண்டிருந்த ஒரு பழைய எந்திரத்தைப் பிடித்து வந்து, அதிலேயே நாடா தயாரித்தார்கள்.

இந்த உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது. ரிக்கார்டு அடிக்கப் பொதுவாக முதலில் அரக்குப் பூசிய ஒரு மூலத்தட்டில் வரி கீற வேண்டும். அந்த மூலத்தட்டைச் செய்த ஆலைகள் உலகில் இரண்டே இரண்டு. ஒன்று கலிஃபோர்னியாவில், மற்றது ஜப்பானில். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியா ஆலை தீப்பிடித்து எரிந்துபோனது. உலகத்துக்கு மூலத்தட்டு செய்யும் வேலை பெரும்பாலும் ஜப்பானின் சிறு ஆலையின் தலையில் விழுந்தது.

ஃபோனில் கேட்கிற பாட்டுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் பேரம் படியவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் இந்திப் பாட்டுகள் கொத்தாகக் காணோம். பட்டியலில் பெயர் மங்கலாக இருக்கும், தொட்டால் பாடாது. அதைத் திறந்து பார்க்கத் திருகாணி எங்கே இருக்கிறது?

என் கேசட் ஷூ டப்பாவில், பரணில், நாலு வீடு மாறி என்னோடு வந்திருந்தது. போன வருடம் எடுத்துப் பார்த்தேன். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க நடுவில் ஒரு தாமிரப் பட்டை, அதன் மேல் அரிசி அளவில் ஒரு பஞ்சுப்பொட்டு இருக்கும். பசை காய்ந்து பொட்டு உதிர்ந்து கிடந்தது. என் டெக்கின் பெல்ட் தார் மாதிரி உருகிச் சக்கரத்தில் ஒட்டியிருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடையில் சிரித்தார்கள். நாலாவது கடையில், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் கேசட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்க்ரூ டைப்பா? அப்ப பண்ணிக்கலாம் சார்" என்றார். கோவில்பட்டியில் கேட்ட அதே வார்த்தை, சென்னைப் பேச்சில்.

வேறொரு கேசட்டைத் திறந்து அதன் பொட்டைப் பெயர்த்து இதில் ஒட்டினார். ஐந்து திருகாணியையும் மேசை மேல் அதே அமைப்பில் வரிசையாக வைத்திருந்தார், இடம் மாறக்கூடாது என்று. பெல்ட் வேறொரு மாடலுடையது, கொஞ்சம் இறுக்கம். ஓடவிட்டதும் பாட்டு ஓட்டமாக வந்தது. மோட்டாரின் முதுகில் ஒரு சிறு ஓட்டை. அதற்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு, "தெரிஞ்ச பாட்டுதானே சார், கரெக்டா வந்ததும் சொல்லுங்க" என்று மயிரிழை மயிரிழையாகத் திருகினார். எஸ்.பி.பி. எஸ்.பி.பி.யாக ஆன இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

பழைய நாடாவில் ஒரு விசித்திரம் உண்டு. சுருளாகவே வருடக்கணக்கில் கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்துவிடும். அதனால் பாட்டு தொடங்க ஓரிரு வினாடி இருக்கும்போதே அதன் முதல் சத்தம், தூரத்து வீட்டில் பாடுகிற மாதிரி, ஒரு முறை கேட்கும். அப்புறம் பாட்டு வரும். மெக்கானிக் அதைக் கேட்டுத் தலையாட்டினார். நாலாவது பாட்டில் விக்கல் அதே இடத்தில் வந்தது.

பி பக்கத்தின் கடைசிக்கு ஓட்டச் சொன்னேன். பதினெட்டாவது பாட்டு முடிந்து கொஞ்சம் இரைச்சல். பிறகு ஒரு நாகஸ்வரம். கல்யாண வாசிப்பு மாதிரி இல்லை, கூடத் தவில் இல்லை. யாரோ தனியாக, தெருக்கோடியில் நின்று ஊதுகிற மாதிரி. எங்கே கிடைத்தது அண்ணாச்சிக்கு, எந்த ரிக்கார்டில் இருந்து எடுத்தார், கேட்டிருக்கலாம். அப்போது எனக்கு அந்த இரண்டு நிமிடம் வருவதற்குள் நிறுத்தித் திருப்பிப் போடுகிற அவசரம்.

மெக்கானிக்கின் உதவிக்குப் பையன் ஒருவன் இருந்தான். "நான் கண்டுபிடிக்கிறேன் சார்" என்று பாட்டுக்குப் பேர் சொல்லும் ஆப்பைத் திறந்து ஃபோனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நீட்டினான். நீல வட்டம் விரிந்து விரிந்து சுருங்கியது. கிடைக்கவில்லை என்று வந்தது. வால்யூமைக் கூட்டி மறுபடி நீட்டினான். மறுபடி அதே. "ஸ்பீடு கொஞ்சம் தள்ளி இருக்குமோ?" என்று மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், எடுத்தவர், என்ன நினைத்தாரோ, கீழே வைத்துவிட்டார்.

"முடியட்டும் சார்" என்றார்.

மூன்று பேரும் நின்று கேட்டோம். நாகஸ்வரம் ஒரு இழுப்பின் நடுவில் இருந்தபோது நாடா தீர்ந்து, பிளே பட்டன் டக்கென்று எழும்பியது.